இழுக்கப்படும் வண்டிக்குப் பொறுப்பாளர் யாவர்?

ஓடுகின்ற வண்டிக்குக் காப்பீடு வேண்டும் என்பதை இன்று நம் நாட்டில் அறியாதார் இலர். காவலர் மறித்து வினவுங்கால் காட்டுதற்கு ஒரு தாள் வேண்டும் என்ற அளவிலேனும் அதனை யாவரும் அறிவர். ஆயின், ஓடிய வண்டி ஓடாது நின்று, பிறிதொரு வண்டியின் பின்னே கயிற்றாற் கட்டுண்டும், கொக்கியில் தொங்கியும், அகன்ற தட்டின்மேல் ஏற்றுண்டும் செல்லுங்கால் அதற்கு நேரும் கேட்டிற்கு ஈடு செய்ய வேண்டியவர் யாவர் என்று வினவினால், விடை கூற வல்லார் மிகச் சிலரே. வண்டியை உடையவரும் அறியார். இழுத்துச் செல்பவரும் அறியார். அவ்வறியாமையின் பயனை நுகர்பவரோ பெரும்பாலும் அவ்வண்டி ஒன்றையே பிழைப்பாகக் கொண்ட எளியவர். ஆதலின் இப்பொருள் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் கடந்து, தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைவாயிலில் ஏறிக் கேரளம் புகுகின்றது. இராஜபாளையத்து நூற்பாலைகளின் பஞ்சுப் பொதியும், அண்டையிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணியும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் லாரிகளிலும் லோடு ஆட்டோக்களிலும் ஏறி ஊர் கடக்கின்றன. இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 11 கிலோமீட்டர்தான். அச்சிறு தொலைவிலும் பழுதுற்ற வண்டி ஒன்று மற்றொன்றின் பின்னே இழுபட்டுச் செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று.

இழுத்தல் என்னும் தொழிலின் அருமையை ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆடிப்பூரத் திருநாளில் ஆண்டாள் கோயிற் பெருந்தேரை வடம் பிடித்து இழுப்போர் பல்லாயிரவர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையும் கையுமாக நிற்போர் சிலர். இழுத்தல் ஒருசாரார் பணியாகவும், இழுக்கப்படுவது நிலை கடந்து ஓடாமற் காத்தல் மற்றொருசாரார் பணியாகவும் அங்கே வகுத்துள்ளனர். நம் நெடுஞ்சாலையிலோ இழுப்பார் உளர். முட்டுக்கட்டை இடுவார் இலர்.

வழிச்செல்வோர் இடர் வருமுன் தம்மைக் காத்துக்கொள்ளும் வழக்கம் தமிழர்க்குப் பழையதே. அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில், உப்பு வாணிகர் தம் வண்டியின் அடியில் மற்றுமோர் அச்சினைக் கட்டிக்கொண்டு செல்லும் செய்தி வருகின்றது. பூட்டிய எருதுகள் இளையன; ஏற்றிய பண்டமோ மிகுதி; பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் வழியில் யாது நேருமோ என்று கருதி அவர்கள் சேம அச்சினைச் சேர்த்துக் கட்டினர். இக்காலத்து இன்சூரன்ஸ் என்பதும் அச்சேம அச்சே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உமணர் கட்டிய அச்சு அவர் கண்முன் இருந்தது. தட்டிப் பார்த்து அதன் உறுதியை அவர் அறிந்தனர். நம் சேம அச்சோ விளங்காத சொற்களால் ஆகிய ஒரு தாளில் ஒடுங்கிக் கிடக்கின்றது. அத்தாளைச் சற்றே விரித்து நோக்குவாம்.

நம் நாட்டு மோட்டார் வண்டிச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. வண்டியினால் பிறர்க்கு நேரும் தீங்கிற்கு ஈடளிக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அதன் பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 146ஆம் பிரிவில் அக்கட்டாயத்தையே வலியுறுத்துகின்றது. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. சட்டம் கட்டாயமாக்கியது பிறர்க்கு நேரும் தீங்கிற்கான காப்பீட்டை மட்டுமே. தன் வண்டிக்கு நேரும் கேட்டிற்கான காப்பீடு உடையவர் விருப்பத்தைப் பொறுத்தது. முன்னதை மக்கள் 'தேர்ட் பார்ட்டி' என்றும், இரண்டும் சேர்ந்ததை 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்றும் வழங்குவர். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு 3 ஆண்டும், புதிய இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டும் தேர்ட் பார்ட்டிக் காப்பீடு ஒருங்கே எடுத்தாக வேண்டும் என்று ஆயிற்று. தன் வண்டிக்கான காப்பீட்டுக்கு அத்தகைய நீண்ட காலக் கட்டாயம் இல்லை. ஆதலின் முதலாண்டு கழிந்தபின் அதனைக் கைவிட்டு, 'இன்சூரன்ஸ் இருக்கிறது' என்னும் நம்பிக்கையோடு மட்டும் வண்டி ஓட்டுவோர் நம்மிடையே பலர்.

நிற்க. ஒரு நிலையைக் கருதுவோம். இராஜபாளையத்திலிருந்து துணிப்பொதி ஏற்றிச் சென்ற லோடு ஆட்டோ ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரை அடையுமுன் இரவிலே பழுதுற்று நின்றுவிடுகின்றது. உடையவர் பட்டறைக்குத் தொலைபேசுகின்றார். பட்டறையார் ரெக்கவரி வண்டி ஒன்றை அனுப்புகின்றனர். வந்தவர்கள் பேசிய கூலிக்கு அதனைத் தூக்குகின்றனர். போகும் வழியிற் கட்டு அவிழ்ந்து ஆட்டோ சரிந்து விழுகின்றது. விடியற்காலையில் பட்டறை வாயிலில் நிற்கும் ஆட்டோவில் முன்பிருந்த பழுது ஒன்று. புதிதாய் நேர்ந்த பழுது மூன்று. 'இவை எம்மால் வந்தன அல்ல, முன்னமே இருந்தன' என்கின்றனர் ஏற்றி வந்தவர். எழுத்தில் ஒன்றும் இல்லை. கண்ட சாட்சியும் இல்லை. இந்நிலையில் அவ்வுடையவர் எவரிடம் செல்வார்?

அவர் முதலில் நாடுவது தம் பத்திரத்தையே. அவரிடம் உள்ளது தேர்ட் பார்ட்டி மட்டும் ஆயின், தம் வண்டிக்கென ஒரு காசும் அதிலிருந்து கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ் உடையவராயின் நிலை சற்று நன்று. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த வாசகமே பெரும்பாலான பத்திரங்களுக்கு அடிப்படை. அதில் தீ, களவு, கலகம், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, புறத்திலிருந்து நேரும் விபத்து ஆகியவற்றோடு, சாலை, இருப்புப்பாதை, உள்நாட்டு நீர்வழி, மின்தூக்கி, வானூர்தி ஆகியவற்றின் வழியே வண்டி கொண்டு செல்லப்படுங்கால் நேரும் கேடும் சொல்லப்பட்டுள்ளது. ஆகவே லாரியின்மேல் ஏறிச் செல்லும் காருக்குத் தன் காப்பு முற்றும் நீங்குவதில்லை; இஃது அறியத்தக்க நற்செய்தி. அப்பட்டியலிற் கடல் இல்லை என்பதும் உடன் அறியத்தக்கது. பெருந்தேர் கடலில் ஓடாது என்றார் வள்ளுவர். கப்பலில் ஏறி அந்தமான் செல்லும் காருக்கு இப்பத்திரமும் ஓடாது. அதற்குத் தனியே கடற்காப்பீடு வேண்டும்.

ஃபுல் இன்சூரன்ஸ் உடையவர்க்கும் இழப்பு முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. இழுக்குங்கால் முதலில் நசுங்குவதும் பிளப்பதும் வண்டியின் முன்புற பம்பரே. அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆயது. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் உறுப்புகளுக்குத் தேய்மானம் என 50 விழுக்காடு கழிக்கப்படும் என்பது அப்பத்திரத்தின் விதி; அக்கழிவினை நீக்கும் தனிச் சேர்க்கையைக் கூடுதற் கட்டணம் செலுத்திப் பெறாதவர் பாதியைத் தாமே ஏற்க வேண்டும். அன்றியும், ஈடு கேளாத ஆண்டுகளுக்கென அளிக்கப்படும் சலுகை முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி, 5 ஆண்டு தொடர்ந்து ஈடு கேளாதார்க்கு 50 விழுக்காடு வரை உயர்வது. ஈடு கேட்டால் அது போய்விடும். பிறர் கட்டிய கயிறு அவிழ்ந்ததற்குத் தாம் சேர்த்த சலுகையை இழப்பது எங்ஙனம் நீதியாகும்?

இழுவைச் செலவுக்கும் ஒரு வரம்பு இட்டுள்ளனர். காப்பீட்டிற்கு உட்பட்ட கேட்டினால் வண்டி நகர இயலாது போயின், அதனைக் காத்து அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டு சேர்க்கவும் திருப்பித் தரவும் ஆகும் தக்க செலவை நிறுவனம் ஏற்கும். ஆனால் டாரிஃப் வாசகத்தில் காருக்கு அத்தொகை ஒரு விபத்திற்கு ரூ. 1,500ஐக் கடவாது, இருசக்கர வண்டிக்கு ரூ. 300. வெறும் இயந்திரப் பழுதால் நின்ற வண்டிக்கு அதுவும் இல்லை. கூடுதற் கட்டணம் செலுத்தி 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' என்னும் வழித்துணை உதவியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உண்மையே. அறிந்து கேட்டுப் பெறுபவர் சிலர்.

இதனோடு மற்றொரு நிபந்தனையையும் சேர்த்து நோக்க வேண்டும். விபத்தோ பழுதோ நேர்ந்தால் வண்டியைத் தக்க பாதுகாப்பின்றி விட்டுச் செல்லலாகாது. பழுது நீக்குமுன் அதனை ஓட்டினால் அதனாற் பெருகும் கேடு உடையவர் தலைமேலது என்று அப்பத்திரமே கூறுகின்றது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பெருவெள்ளம் சூழ்ந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நீரில் மூழ்கிய காரின் இயந்திரத்தை முடுக்கினால் உள்ளே நீர் புகுந்து அது முறியும். அங்ஙனம் முறிந்ததற்கு ஈடு கேட்டால் 'இது நீரே வருவித்துக்கொண்டது' என்று மறுப்பதற்கு இடமாகும். ஆகவே அத்தகைய காரை இழுத்தோ ஏற்றியோதான் கொண்டு செல்ல வேண்டும். ஓட்டாதே, இழுத்துச் செல் என்று விதிக்கும் பத்திரம், இழுப்பதற்கு மட்டும் 2002இல் எழுதிய தொகையையே அளந்து தருகின்றது.

இனி இழுப்பவரின் பத்திரத்தை நோக்குவாம். விந்தை இங்கேதான் உள்ளது. வணிக வண்டிகளுக்கான டாரிஃப் வாசகத்தில், பழுதுற்ற வண்டி ஒன்றை இழுத்துச் செல்லுங்காலும் காப்பு நீடிக்கும் என்று ஒரு பிரிவு உண்டு. அதன் ஈற்றில் இரண்டு விலக்குகள் உள. ஒன்று, கூலிக்காக இழுத்தலாகாது. மற்றொன்று, இழுக்கப்படும் வண்டிக்கும் அதிலுள்ள பொருளுக்கும் நேரும் கேட்டிற்கு நிறுவனம் பொறுப்பாகாது. அன்றியும், காப்பீடு செய்தவரின் காவலில் உள்ள பிறர் பொருளுக்கு நேரும் சேதம் பிறர்க்கான ஈட்டில் அடங்காது என்பது பொதுவிதி. இவற்றின் பொருள் யாது? ரெக்கவரி வண்டி சாலையோரம் நின்ற அயலார் காரை மோதினால், அக்காருக்கு ஈடு உண்டு. தன் முதுகில் நம்பிக்கையோடு ஏற்றிய காரைக் கீழே போட்டால், அதற்கு ஈடு இல்லை. வழியில் நின்றவன் பெறும் காப்பு, கூலி கொடுத்து ஏற்றியவனுக்கு இல்லை!

இவ்விடைவெளியை நிரப்பும் காப்பீடு நாட்டில் இல்லாமல் இல்லை. பொருளை ஏற்றிச் செல்வோர் தம் பொறுப்பிற்காக எடுக்கும் 'கேரியர்ஸ் லீகல் லயபிலிட்டி' என்னும் பத்திரம் உண்டு. பொருளுக்கே எடுக்கும் உள்நாட்டுப் பயணக் காப்பீடும் உண்டு. அதில் 'ஏ' வகை விலக்கப்படாத எல்லா இடர்க்கும், 'பி' வகை தீ, மோதல், கவிழ்தல் முதலிய குறித்த இடர்களுக்கும், 'சி' வகை தீ, இடி ஆகியவற்றிற்கும் உரியன. தொழிற்சாலையிலிருந்து விற்பனைக் கூடத்திற்குப் புதிய கார்களை அடுக்கிச் செல்லும் நெடிய கேரியர் லாரிகளைக் காண்கின்றோம். அவற்றின் மேல் உள்ள ஒவ்வொரு காருக்கும் எண் உண்டு, மதிப்பு உண்டு, ரசீது உண்டு. அனுப்புவோர் பெரிய நிறுவனத்தார். பயணக் காப்பீடு இன்றி அனுப்புதல் அவர்தம் வழக்கம் அன்று. எவரும் இன்னும் ஓட்டாத வண்டிக்கு இத்துணைக் காவல். ஒரு குடும்பத்திற்குச் சோறிடும் வண்டிக்கோ ஒரு முழம் கயிறு மட்டுமே காவல்.

காப்பீடு இல்லையாயினும் சட்டம் உண்டு அன்றோ என்பார்க்கு விடை கூறுவாம். கூலிக்குப் பொருளை ஏற்றிச் செல்வோர் அப்பொருளுக்குப் பொறுப்பாவர் என்னும் நெறி இந்நாட்டில் நெடுங்காலமாக நிலைத்துள்ளது. 1865இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றினர். பர்மாவில் நீராவிக் கலங்களை இயக்கிய ஐராவதி புளோட்டில்லா நிறுவனத்தின் வழக்கில், 1891இல் பிரிவி கவுன்சில், இத்தகையோரின் பொறுப்பு சாதாரணமாகப் பொருளைக் காவலுக்கு வாங்கியவரின் பொறுப்பினும் மிக்கது என்று தீர்த்தது. 2000ஆம் ஆண்டில் பட்டேல் ரோட்வேஸ், பிர்லா யமஹா வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும், ஏற்றிச் செல்வோரின் பொறுப்பு காப்பீட்டாளரின் பொறுப்பை ஒத்தது என்றும், கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை பொருளை இழந்தவர் மேல் இல்லை என்றும், நுகர்வோர் மன்றங்களிலும் இதுவே நெறி என்றும் கூறிற்று. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி வந்த 2007ஆம் ஆண்டுச் சாலைவழிப் பொருளேற்றச் சட்டமும் அந்நெறியைக் கைவிடவில்லை. ஏற்றுவோர் பதிவு பெற வேண்டும். மதிப்பைக் குறித்த படிவமும் பொருள் ரசீதும் இருத்தல் வேண்டும் என்று அது விதிக்கின்றது.

ஆனால் அச்சட்டத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, மிகுதியான இடர்க்கட்டணம் பேசிச் செலுத்தாத நிலையில், ஏற்றிச் செல்வோர் தரவேண்டிய ஈடு கூலியின் பத்து மடங்கிற்கு மேற்படாது. ரூ. 3,000 கூலிக்கு ஏற்றிய வண்டி, விலை ரூ. 4,00,000 பெறினும், ஈடு ரூ. 30,000 அளவில் நின்றுவிடும். அன்றியும், ஏற்றிய நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடாதார் வழக்காடவும் இயலாது. கூலிக்கு எவர் வண்டியையும் வேறுபாடின்றி ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியையும் அச்சட்டத்தின் சொற்கள் தழுவும் என்பதே என் கருத்து. ஆயினும் ரசீதே இல்லாத இடத்தில் எந்தச் சட்டம் எதனைப் பற்றிக்கொண்டு எழும்? மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்தும், கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாத ஏழைக்கு அதன் வாயில் நெடுந்தொலைவில் உள்ளது போன்றதே.

ஆகவே யான் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. கூலி பெற்றுப் பிறர் வண்டியைச் சுமப்பவர், அவ்வண்டியின் பொறுப்பையும் உடன் சுமத்தல் வேண்டும். அதனை எழுத்தில் தருதல் வேண்டும். ஏற்றுமுன் ஒரு பக்க அளவில் ஒரு பொறுப்புச் சீட்டு போதும். வண்டி எண், நாள், நேரம், ஏற்றும் இடம், இறக்கும் இடம்; முன்னமே உள்ள பழுதுகள்; வண்டியின் மதிப்பு; பேசிய கூலி; சுமப்பவரின் பொறுப்புக் காப்பீட்டுப் பத்திரத்தின் எண்; இருவர் கையொப்பம். இவ்வளவே அதில் இருத்தல் வேண்டும். இன்று ஒவ்வொருவர் கையிலும் படம் பிடிக்கும் கைப்பேசி உள்ளது. நாற்புறமும் நான்கு படங்கள் எடுக்க இரண்டு நிமிடம் ஆகாது. ரெக்கவரி வண்டிகளுக்கு உரிமம் வழங்கும்போதே பொறுப்புக் காப்பீட்டையும் இச்சீட்டினையும் போக்குவரத்துத் துறையினர் நிபந்தனையாக்குதல் வேண்டும்.

இந்நெறி நம் திருமறைக்கும் புதிதன்று. அயலானிடம் ஒப்புவிக்கப்பட்ட கழுதையோ மாடோ ஆடோ களவு போயின் அவன் ஈடு செய்ய வேண்டும் என்றும், காட்டு விலங்கு பீறியதாயின் அதற்குச் சாட்சி கொண்டுவந்தால் அவன் விடுபடுவான் என்றும் யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரம் வகுக்கின்றது. காவலனுக்குப் பொறுப்பும் உண்டு. மெய்யான காரணம் காட்டினால் விடுதலையும் உண்டு. இருவர்க்கும் நடுவே சாட்சி வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நல்ல சமாரியன் வரலாற்றையும் நினைவு கூர்க. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தன் மிருகத்தின் மேல் ஏற்றியதோடு அவன் கடமை தீர்ந்தது என்று எண்ணவில்லை. சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்து, மேற்செலவு ஆனாலும் திரும்பி வருகையில் தருவேன் என்று வாக்கும் கொடுத்தான். அவன் கூலி பெறாமலே இதனைச் செய்தான். கூலி பெற்று ஏற்றுபவர் அதிற் பாதியேனும் செய்தல் ஆகாதோ?

இதற்குச் சிலர் தடை கூறுவர். நள்ளிரவிலும் மழையிலும் வந்து உதவுவோரை இங்ஙனம் நெருக்கினால் அவர் வாராமற் போவர் என்பது ஒரு தடை. அவ்வுழைப்பின் அருமையை யானும் மதிக்கின்றேன். ஆயின் இச்சீட்டு அவர்க்கும் கவசமே. முன்னமே இருந்த பழுதை அவர் தலையில் ஏற்றி ஈடு கேட்கும் உடையவரும் உலகில் உளர். அத்தகையோரிடமிருந்து அவரைக் காப்பதும் இதே தாள்தான். கூலி உயரும் என்பது மற்றொரு தடை. உயரட்டும், அவ்வுயர்வு பலர்மேலும் பரவிச் சிறிதாகும். ஒருவர் தலைமேல் முழுதும் விழும் இழப்பை விடப் பலர் தாங்கும் சிறு சுமை நன்று. காப்பீடு என்னும் ஏற்பாடே இக்கருத்தின்மேல் எழுந்ததன்றோ? அவரவர் வண்டிக்கு அவரவரே ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளட்டும் என்பது மூன்றாந்தடை. எடுத்துக்கொள்ளுதல் நன்றே. ஆனால் கவனமின்றிக் கட்டியவர் தப்ப, கவனமாய்க் கட்டணம் செலுத்தியவர் சலுகையிழந்து வருந்துதல் எவ்வகையாலும் முறையன்று.

சட்டம் வரும் வரை நாம் வாளா இருத்தலும் ஆகாது. ஃபுல் இன்சூரன்ஸ் உடையவர் வண்டியை ஏற்றுமுன் நிறுவனத்திற்குத் தெரிவித்துவிடுதல் நலம். ஈடு மறுக்கப்பட்டு, நிறுவனத்திடம் முறையிட்டும் பயன் இல்லையாயின், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இன்றி முறையிடலாம்; ரூ. 50 லட்சம் வரையிலான ஈட்டினை அவர் ஆராய்வார். கயிறு கட்டி இழுப்போர்க்கும் ஒரு சொல். 1989ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகளிலேயே, முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைக் கடவாதிருக்க வேண்டும்; வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைக் கடவாதிருக்க வேண்டும்; பின்வண்டியின் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் அமர வேண்டும் என்றெல்லாம் விதித்திருந்தனர். விதிநூலின் பெயர் மாறினாலும் விபத்தின் இயல்பு மாறுவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் தம் இருசக்கர வண்டியை இரயிலில் அனுப்புங்கால், அதன் மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்குரிய கட்டணத்தையும் செலுத்துக. மதிப்புக் கூறாத பொருளுக்கு இரயில்வேயின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்று 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 103ஆம் பிரிவு கூறுகின்றது.

இறுதியாக, தமிழ் பயிலும் நம்மனோர்க்கு உரிய பணி ஒன்றுண்டு. காப்பீட்டுப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. சிறிய எழுத்தில் உள்ளன. கையொப்பம் இடும் லோடு ஆட்டோக்காரர் அதில் 'கூலிக்கு இழுத்தலாகாது' என்று இருப்பதை எங்ஙனம் அறிவார்? பழம்பாட்டிற்கு உரை காணும் நாம், நம் ஊரார் வாழ்வைக் கட்டும் இத்தாள்களுக்கும் எளிய தமிழில் உரை காணுதல் வேண்டும். மேற்கூறிய பொறுப்புச் சீட்டினை நம் தமிழ்த் துறை மாணவரே நல்ல தமிழில் வரைந்து, அச்சிட்டு, இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டறைகளுக்கு இலவசமாக வழங்கலாம். சட்டம் பயின்ற பழைய மாணவர் அதன் வாசகத்தைத் திருத்தித் தருவாராயின் அது பெரும் பேறாகும். ஒரு சீட்டு ஒரு ரூபாய்க்கும் குறைவாகவே ஆகும். ஔவையார் கண்ட உமணர் தம் சேம அச்சினைத் தாமே கட்டினர். அங்ஙனம் கட்டத் தெரியாதவர்க்கு அதனைக் கட்டிக் கொடுத்தல் கற்றவர் கடன்.